நட்பு முரண்பாடா, பகை முரண்பாடா: முடிவு செய்வது யார்?

வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்த தோழர் ஒருவர் போன வாரம் கேட்ட கேள்வி இது: "தனிச்சொத்து ஒழிந்து, முதலாளி என்று ஒருவன் இல்லாமல் போன பிறகு, சோசலிச சமூகத்தில் மக்களுக்குள் சண்டை எதற்கு வரும்? வந்தால் எப்படித் தீர்த்தார்கள்? ஒழுங்காகத் தீர்த்ததற்கு ஓர் உதாரணமாவது உண்டா?" கூட்டத்தில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சண்டை எதற்கு வரும் என்பதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். முதலாளி போனாலும் தானியத்துக்கு விலை வைத்துத்தான் ஆக வேண்டும். கொள்முதல் விலையைக் கூட்டினால் விவசாயிக்கு நிம்மதி, நகரத்துத் தொழிலாளிக்கு ரொட்டி கட்டுப்படியாகாது. குறைத்தால் கதை தலைகீழ். இந்த ஆண்டு விளைந்ததில் எவ்வளவைச் சாப்பிடுவது, எவ்வளவை அணைக்கும் இரும்பாலைக்கும் ஒதுக்குவது? பொறியாளருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் சம்பளத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கலாம்? எந்த மாகாணத்துக்கு முதலில் ரயில் பாதை? பள்ளிக்கூடத்தில் எந்த மொழி? இவற்றில் ஒன்றுகூட முதலாளியின் சூழ்ச்சியால் முளைப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து வாழும் இடத்தில் இருந்தே தீரும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் ஊரில் விலைவாசி ஏறினால் பழி பல பேர் மேல் சிதறிப் போகும்: கடைக்காரர், மொத்த வியாபாரி, பெட்ரோல் விலை, மழை. எல்லாம் அரசின் கையில் இருக்கும் நாட்டில் இறைச்சி விலை என்பது ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். கூலி கேட்பதும் அரசிடம்தான், வீடு கேட்பதும் அரசிடம்தான். பட்டறையில் மேஸ்திரியோடு தொடங்குகிற வாக்குவாதம் நாலே படியில் மத்தியக் குழுவின் வாசலுக்குப் போய்விடும். ஆகவே சோசலிச சமூகத்தில் சண்டைகள் குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சின்னச் சண்டையும் அரசியல் சண்டையாக மாறும் வேகம் அங்கே அதிகம்.

இதை மிகத் தெளிவாக உணர்ந்து பேசியவர் சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாவோ. 1957 பிப்ரவரி 27 அன்று உச்ச அரசு மாநாட்டில் மக்களிடையே உள்ள முரண்பாடுகளைச் சரியாகக் கையாள்வது பற்றி அவர் நீண்ட உரை ஒன்று ஆற்றினார். நம் இடதுசாரி வட்டங்களில் 'இது நட்பு முரண்பாடு, அது பகை முரண்பாடு' என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சு பெரும்பாலும் இந்த உரை வழியாக வந்ததுதான். காலத்தைக் கவனியுங்கள். முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைப் போட்டு உடைத்திருந்தார். அக்டோபரில் ஹங்கேரி வெடித்தது. சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள் போயின. சீனாவுக்குள்ளேயே ஆங்காங்கே தொழிலாளர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். ஹங்கேரி மாதிரி இங்கேயும் ஆகிவிடக் கூடாது என்ற கவலை உரை முழுக்கத் தெரியும்.

அதில் அவர் சொன்னது இன்றைக்குப் படித்தாலும் நியாயமாக இருக்கிறது. சோசலிசத்தில் முரண்பாடே இல்லை என்று நினைப்பது தவறு. அரசுக்கும் மக்களுக்கும், தலைமைக்கும் கீழே இருப்பவர்களுக்கும் முரண்பாடு உண்டு. எதிரியோடு உள்ளது வேறு, மக்களுக்குள் உள்ளது வேறு. முன்னதற்கு அடக்குமுறை, பின்னதற்கு விவாதம், விமர்சனம், எடுத்துச்சொல்லிப் புரியவைத்தல். ஒற்றுமையை விரும்பித் தொடங்கி, விமர்சனம் வழியாகப் போய், மேலான ஒற்றுமைக்கு வந்து சேர வேண்டும். வேலைநிறுத்தம் நடந்தால் பெரும்பாலும் அதற்குக் காரணம் தலைமையின் அதிகாரத்தனம்தான், முன்னின்று நடத்தியவர்களை எடுத்த எடுப்பில் வேலையைவிட்டுத் தூக்கக் கூடாது, பிரச்சினை தீராமல் 'முடிந்தது' என்று கோப்பை மூடக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆட்சியில் இருக்கும் கட்சித் தலைவர் ஒருவர் இப்படிப் பேசுவது எந்த நாட்டிலும் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

சரி, அப்புறம் என்ன நடந்தது?

ஏப்ரல் கடைசியில் கட்சி ஒரு சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கி, வெளியாரும் தயங்காமல் விமர்சியுங்கள் என்று அழைத்தது. இளங்காற்றும் சாரலும் போல மென்மையாக இருக்கும் என்று உறுதி கொடுத்தது. முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்த பிறகு மே மாதம் மடை திறந்தது. பீகிங் பல்கலைக்கழகத்தில் மே 19 முதல் சுவரொட்டிகள் நிறைந்தன. பேராசிரியர்கள் பேசினார்கள், சிறு கட்சிகளின் தலைவர்கள் பேசினார்கள். ஜூன் 1 அன்று, குவாங்மிங் நாளிதழின் ஆசிரியராக இருந்த சூ ஆன்பிங், நாடு முழுவதையும் கட்சி தன் சொத்தாக நினைக்கிறது, சின்னச் சின்ன நிறுவனத்துக்கும் தலைமையில் கட்சிக்காரரே உட்கார வேண்டுமா என்று மாவோவையும் சூ என்லாயையும் நோக்கியே கேட்டார்.

ஒரு வாரம்தான். ஜூன் 8 அன்று மக்கள் நாளிதழில் 'இது எதற்காக?' என்று ஒரு தலையங்கம் வந்தது. காற்று திசை மாறியது. ஜூன் 19 அன்று மாவோவின் பிப்ரவரி உரை அச்சில் வந்தபோது, பேசும்போது இல்லாத ஒரு பகுதி அதில் சேர்ந்திருந்தது: மணமுள்ள மலர் எது, நச்சுக்களை எது என்று பிரித்தறிய ஆறு அளவுகோல்கள். அவற்றில் மிக முக்கியமானவை சோசலிசப் பாதையும் கட்சித் தலைமையும் என்று குறிக்கப்பட்டிருந்தது. கட்சித் தலைமையை விமர்சிக்கச் சொல்லி அழைத்தவர்கள், விமர்சித்து முடித்த பிறகு, கட்சித் தலைமையை ஏற்பதே விமர்சனத்துக்கு அளவுகோல் என்றார்கள். மே மாதம் பேசியவருக்கு ஜூன் மாத அளவுகோல் பொருந்தியது.

ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 'வலதுசாரி' என்று முத்திரை குத்தப்பட்டார்கள். டெங் சியோபிங் முன்னின்று நடத்திய இயக்கம் அது. பிற்பாடு சீர்திருத்தவாதி என்று உலகம் கொண்டாடிய அதே டெங். பலர் உழைப்பு முகாம்களுக்கும் கிராமங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சூ ஆன்பிங் 1966-ல் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. 1978-க்குப் பிறகு வழக்குகளைத் திரும்பப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லோர் மேலும் போட்ட முத்திரை தவறு என்று கட்சியே ஒத்துக்கொண்டது. ஆனால் 1981-ல் கட்சி நிறைவேற்றிய வரலாற்றுத் தீர்மானம், இயக்கம் தேவைதான், வரம்பு மீறிப் போய்விட்டது என்றது. ஐந்தரை லட்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் குற்றமற்றவர்கள் என்றால் அது வரம்பு மீறல் என்ற சொல்லுக்குள் அடங்குமா? என்னால் அதை ஏற்க முடியவில்லை.

மாவோ முதலிலிருந்தே வலை விரித்தாரா, அல்லது உண்மையாகவே அழைத்துவிட்டு வந்த விமர்சனத்தின் வேகத்தைப் பார்த்துப் பயந்தாரா என்று ஒரு பெரிய வாதம் உண்டு. அவரே பின்னால், இது ரகசியச் சதியல்ல, பகிரங்கமாகப் போட்ட திட்டம் என்று எழுதினார். பிப்ரவரிப் பேச்சில் உண்மை இருந்தது, மே மாதத்தில் பயம் வந்தது என்பதே என் கணிப்பு. ஆனால் அந்த வாதத்தில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். முத்திரை வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான். நாம் பார்க்க வேண்டியது வேறு. பிப்ரவரிக் கோட்பாட்டில் பிழை இல்லை. நட்பு முரண்பாட்டை நட்பாகவும் பகை முரண்பாட்டைப் பகையாகவும் கையாள வேண்டும், சரி. எது நட்பு, எது பகை என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? யார் மேல் விமர்சனம் வருகிறதோ அவரிடமேதான் இருந்தது. மேல்முறையீடு கிடையாது. பிரித்துச் சொல்கிற பேனா ஒரே கையில் இருந்தால், கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும், பேனா பிடித்தவரின் மனநிலை மாறுகிற அன்று நண்பன் எதிரியாகிவிடுவான்.

இது பெரிய நாட்டில் பெரிய தலைவர்களிடம் மட்டும் நடப்பதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த தொழிற்சங்கக் கிளையில் பொதுக்குழு நடந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து, போராட்ட நிதிக்கு வசூலித்த பணத்துக்கு ரசீதுப் புத்தகங்கள் எத்தனை அடித்தோம், எத்தனை திரும்ப வந்தன என்று கேட்டார். அமைதியாகத்தான் கேட்டார், கையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்திருந்தார். மேடையில் இருந்தவர் பதில் சொல்லாமல், "இந்த நேரத்தில் இந்தக் கேள்வி யாருக்கு உதவும் தோழர்?" என்றார். அவ்வளவுதான். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். தேநீர் இடைவேளையில் அவர் பக்கத்தில் யாரும் போய் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அவர் நிர்வாகத்தின் ஆள் என்ற பேச்சு பரவியது. கணக்குக் கேள்விக்குக் கணக்கில் பதில் இருந்திருக்கலாம். கேள்விக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் பதிலே தேவைப்படாமல் போகிறது.

சீனாவுக்குத் திரும்புவோம். 1957 வசந்தத்தில் அறிவுஜீவிகள் மட்டும் பேசவில்லை. ஷாங்காயில் 587 நிறுவனங்களில் தொழிலாளர் கொந்தளிப்பு நடந்தது. கிட்டத்தட்ட 30,000 பேர் கலந்துகொண்டார்கள். முந்தைய ஆண்டுதான் தனியார் ஆலைகள் அரசோடு இணைக்கப்பட்டிருந்தன. அந்த மாற்றத்தில் பழைய சலுகைகளை இழந்தவர்கள், தற்காலிகத் தொழிலாளர்கள், பயிற்சிக்காலம் நீட்டிக்கப்பட்டதால் முழுச் சம்பளம் கிடைக்காமல் தள்ளிப்போன பயிற்சியாளர்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் இறங்கினார்கள். இவர்களை வலதுசாரி என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் தொழிலாளி வலதுசாரியாக இருக்கக் கூடாதே! அதனால் 'கெட்ட கூறுகள்' என்ற பெயர் வந்தது. அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த லாய் ரோயூ, சங்கம் வெறும் நிர்வாகத்தின் வாலாக இருந்தால் தொழிலாளி அதைக் கைவிட்டுவிடுவான், அதற்குச் சுயமான இயக்கம் வேண்டும் என்று வாதாடியவர். 1958-ல் அவர் இறந்தார். இறந்த பிறகும் அவர் கருத்துக்காக அவர்மேல் கண்டனக் கூட்டம் நடந்தது.

இரண்டே ஆண்டில் இதற்கெல்லாம் விலை வந்தது. 1959 ஜூலையில் லூஷான் மலையில் நடந்த கூட்டத்தில், பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய் மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொரியப் போரில் சீனப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். உற்பத்தியை ஒரே தாவலில் பெருக்க 1958-ல் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' இயக்கத்தில் கணக்குகள் ஊதிப் பெருக்கப்படுகின்றன, நிலைமை சரியில்லை என்பதுதான் கடிதத்தின் சாரம். தனிக் கடிதம், மரியாதையான மொழி. மாவோ அதை அச்சடித்து எல்லோருக்கும் விநியோகித்தார், பிறகு தாக்கினார். பெங் 'கட்சி விரோதக் கும்பலின்' தலைவராக்கப்பட்டுப் பதவி இழந்தார். அதன் பிறகு எந்த மாவட்ட அதிகாரி 'எங்கள் ஊரில் விளைச்சல் இல்லை' என்று எழுதுவார்? இல்லாத விளைச்சலுக்குக் கொள்முதல் நடந்தது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை பலவிதமாகக் கணக்கிடப்படுகிறது. கருத்து வேறுபாட்டை அடக்குவதைப் பேச்சுரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாற்றுக் கருத்து சொல்ல ஆள் இல்லாத இடத்தில் சோற்றுப் பானையில் என்ன இருக்கிறது என்பதுகூட மேலே தெரியாது. திட்டமிட்ட பொருளாதாரத்துக்குத் தகவல்தான் உயிர். கீழே இருப்பவர் பயந்தால் மேலே போகிற தகவல் பொய்யாகத்தான் இருக்கும்.

இதற்கு வேர் ரஷ்யாவில் இருக்கிறது. 1920 கடைசியில் தொழிற்சங்கம் பற்றி போல்ஷ்விக்குகளுக்குள் பெரும் விவாதம் நடந்தது. அரசே தொழிலாளருடையது, பிறகு தனியாகச் சங்கம் எதற்கு, அரசோடு இணைத்துவிடலாம் என்பது ட்ராட்ஸ்கி பக்கம். உற்பத்தியை நடத்தும் பொறுப்பையே சங்கங்களிடம் கொடு என்றது ஷ்லியாப்னிகோவும் கொலோந்தாயும் முன்னின்ற தொழிலாளர் எதிர்ப்பணி. லெனின் சொன்னது எனக்கு எப்போதும் பிடித்த இடம்: நம்முடையது அதிகாரவர்க்கத் திரிபு உள்ள தொழிலாளர் அரசு, ஆகவே தொழிலாளர்கள் தங்கள் சொந்த அரசிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளச் சங்கம் வேண்டும், அந்த அரசைக் காக்கவும் அதே சங்கம் வேண்டும். 1922 ஜனவரியில் அவர் வரைந்த தீர்மானம், தொழிலாளர் அரசிலும் வேலைநிறுத்தம் நடக்கும், அதற்கு அதிகாரவர்க்கத் திரிபே காரணமாக இருக்க முடியும் என்பதை ஏற்றது.

ஆனால் அதே லெனின்தான் 1921 மார்ச்சில் கட்சியின் பத்தாவது மாநாட்டில் கட்சிக்குள் அணிகளைத் தடை செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அப்போது கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. மாநாட்டுப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் துப்பாக்கி எடுத்துக்கொண்டு பனிக்கட்டி மேல் நடந்து அதை அடக்கப் போனார்கள். அந்த நெருக்கடி உண்மையானது. போல்ஷ்விக் தலைவர்களில் ஒருவரான கார்ல் ராடெக் எழுந்து, இந்தத் தீர்மானம் நாளைக்கு நம் மேலேயே பாயலாம் என்று தெரிந்தும் வாக்களிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். பாய்ந்தது. ராடெக் 1937-ல் விசாரணைக் கூண்டில் நின்றார், பிறகு சிறையில் இறந்தார். ஷ்லியாப்னிகோவ் அதே ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். 1934 மாநாடு தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவின் 139 பேரில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டார்கள் என்ற கணக்கைக் குருஷ்சேவே 1956-ல் சொன்னார். தற்காலிகம் என்று போட்ட பூட்டைத் திறக்க யாருக்கும் சாவி கொடுக்கவில்லை.

அந்தக் குருஷ்சேவின் ஆட்சியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1962 ஜூன் 1, தென் ரஷ்யாவில் நோவோசெர்காஸ்க். இறைச்சி 30 சதவீதம், வெண்ணெய் 25 சதவீதம் விலை ஏறியதாக வானொலி சொன்னது. அங்கிருந்த ரயில் எஞ்சின் ஆலையில் அதற்குச் சற்று முன்புதான் உற்பத்தி அளவை உயர்த்தியிருந்தார்கள். அதாவது அதே வேலைக்குக் கூலி குறைந்திருந்தது. இறைச்சி வாங்க முடியாதென்றால் ஈரல் பணியாரம் சாப்பிடுங்கள் என்று ஆலை இயக்குநர் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் செங்கொடியும் லெனின் படமும் ஏந்தி நகரத்துக்கு நடந்தார்கள். வழியில் துஸ்லோவ் ஆற்றுப் பாலத்தில் டாங்குகள் நின்றன. தளபதி மத்வெய் ஷபோஷ்னிகோவுக்கு அவர்களைத் தாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நம் டாங்குகளைக் கொண்டு தாக்க வேண்டிய எதிரி யாரும் எனக்கு எதிரே தெரியவில்லை என்று அவர் மறுத்தார். கூட்டம் டாங்குகள் மேல் ஏறி இறங்கிப் போனது. சதுக்கத்தில் வேறு படை இருந்தது. 26 பேர் இறந்தார்கள். ஏழு பேருக்கு மரண தண்டனை. உடல்கள் உறவினருக்குத் தரப்படாமல் வெவ்வேறு ஊர்களில் ரகசியமாகப் புதைக்கப்பட்டன. சதுக்கத்துக்குப் புதுத் தார் போட்டார்கள். ஷபோஷ்னிகோவ் பிற்பாடு கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். கால் நூற்றாண்டுக்கு இந்தச் செய்தி சோவியத் பத்திரிகை எதிலும் வரவில்லை.

எதிரே நிற்பது எதிரியா, நம் ஆளா என்ற கேள்விக்கு அன்று பாலத்தில் சரியான பதில் சொன்னவர் அந்தத் தளபதி ஒருவர்தான். மேலே இருந்தவர்களுக்கோ கேள்வியே எழவில்லை.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: ஒழுங்காகத் தீர்த்த உதாரணம். பாதி நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. போலந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு கோமுல்கா அரசு உணவு விலையை ஏற்றியது. கடற்கரை நகரங்களின் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கதினியாவில் 'வேலைக்குத் திரும்புங்கள்' என்று தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டதை நம்பி மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கியவர்கள் மேல் சுட்டார்கள். மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோமுல்கா பதவி இழந்தார், எட்வர்ட் கியெரெக் வந்தார். ஜனவரியில் ஷ்செசின் கப்பல் தளத்தில் மறுபடி வேலைநிறுத்தம். ஜனவரி 24 அன்று கியெரெக் பிரதமரையும் பாதுகாப்பு அமைச்சரையும் கூட்டிக்கொண்டு தளத்துக்குள்ளேயே போனார். வேலைநிறுத்தக் குழுவோடு நள்ளிரவு தாண்டி மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். தொழிலாளர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அவர் தானும் சுரங்கத்தில் வேலை செய்தவன்தான் என்று சொல்லி உதவி கேட்டார். ஆனாலும் விலை இறங்கவில்லை. பிப்ரவரியில் வூட்ஜ் நகரத்து நெசவாலைகளில் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், எந்திரங்களை நிறுத்தினார்கள். பிரதமர் போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தார், அவர்கள் மசியவில்லை. மறுநாளே விலையேற்றத்தைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. துப்பாக்கி இல்லாமல், ஒரு சாவு இல்லாமல், தொழிலாளர் அரசைத் தொழிலாளர்கள் இணங்க வைத்தார்கள். இதை நான் பெருமையாகத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அந்த இரவுப் பேச்சு ஒரு தலைவரின் நல்ல மனசைப் பொறுத்ததாக இருந்ததே ஒழிய, அதற்கு ஓர் அமைப்பு வடிவம் வரவில்லை. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டப்பட்டார்கள். அதனால்தான் 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் தொழிலாளர்கள் 21 கோரிக்கை வைத்தபோது முதலாவது சம்பளமோ இறைச்சியோ இல்லை. முதலாவது, கட்சியையும் நிர்வாகத்தையும் சாராத சுதந்திரச் சங்கம். இரண்டாவது, வேலைநிறுத்த உரிமை. பத்து வருஷ அனுபவம் அந்த வரிசையில் இருக்கிறது. ஒப்பந்தம் ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தானது. கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது. மூன்று நாள் கழித்து வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தொழிலாளர் கட்சி என்ற பெயரை அந்தக் கட்சியால் நிமிர்ந்து சொல்ல முடியவில்லை.

யூகோஸ்லாவியா கொஞ்சம் வேறு பாதை. 1950-லேயே தொழிலாளர் மன்றங்களுக்குச் சட்டம் போட்டார்கள். 1958 ஜனவரியில் திர்போவ்லியே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தலைமை அதிர்ந்தது, ஆனால் படையை ஏவவில்லை. அதன் பிறகு 'வேலை நிறுத்திவைப்பு' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான குட்டி வேலைநிறுத்தங்கள் நடந்தன. பெரும்பாலும் குறுகிய காலத்தில் கோரிக்கை ஏற்கப்பட்டு முடிந்தன. ஆலைக்குள் சண்டையைத் தீர்க்க அவர்கள் வழி கண்டார்கள். குடியரசுகளுக்கு இடையேயான சண்டைக்கு, வளமான வடக்குக்கும் ஏழைத் தெற்குக்கும் நடுவே பணம் பகிர்வதற்கு, எல்லோரும் நம்பும் நடுவர் கடைசிவரை டிட்டோ என்ற ஒரு மனிதர்தான். அவர் 1980-ல் இறந்தார்.

நம் காலத்துக்குப் பக்கத்தில் வியட்நாம் இருக்கிறது. 1997-ல் தாய் பின் மாகாணத்தில் விவசாயிகள் பெரிய அளவில் கிளர்ந்தார்கள். உள்ளூர்க் கட்சி அதிகாரிகள் இஷ்டத்துக்கு வரி வசூலித்ததும், நில விவகாரமும், ஊழலும் காரணம். கிளர்ந்தவர்களில் சிலர்மேல் வழக்கும் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மறு ஆண்டே அரசு அடித்தட்டு ஜனநாயகம் பற்றி ஓர் ஆணை போட்டது: கிராமத்தின் வரவு செலவை மக்களுக்குக் காட்ட வேண்டும், வசூல் எதுவானாலும் அவர்கள் கூடிப் பேச வேண்டும், வேலையைச் சரிபார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பாருங்கள், கிளர்ச்சி செய்தவர்கள் கேட்டதும் கணக்குதான், ஆணை கொடுத்ததும் கணக்கு பார்க்கும் உரிமைதான். கேள்விக்கு வேறு பெயர் வைக்காமல் கேள்விக்கே பதில் வந்தது.

கியூபாவில் 2018-ல் புதிய அரசமைப்பு வரைவில் திருமணம் என்பது இரண்டு நபர்களுக்கு இடையிலானது என்று ஒரு பிரிவு இருந்தது. தேவாலயங்கள் கடுமையாக எதிர்த்தன. ஊர் ஊராக நடந்த கூட்டங்களிலும் எதிர்ப்பு வந்தது. கட்சி அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, குடும்பச் சட்டமாக வைத்துத் தனியாக வாக்கெடுப்பு நடத்துவோம் என்றது. 2022 செப்டம்பர் 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 67 சதவீதம் ஆதரவு, 33 சதவீதம் எதிர்ப்பு. மூன்றில் ஒரு பங்கு மக்கள் அரசின் நிலைக்கு எதிராக வாக்களித்தார்கள் என்று அரசே அறிவித்தது. அவர்களை யாரும் எதிரி என்று சொல்லவில்லை. அதே கியூபாவில் முந்தைய ஆண்டு ஜூலை 11 அன்று தெருவில் இறங்கியவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாக்குப்பெட்டிக்குள் வந்த எதிர்ப்பு கருத்தானது, தெருவில் வந்த எதிர்ப்பு குற்றமானது. எங்கே வருகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

ஆக, என் கருத்து என்ன? சுயவிமர்சனக் கூட்டம், கற்பித்தல், பொறுமை எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவை மட்டும் போதாது. ஆளும் கட்சியின் மேல் புகார் வந்தால் அந்தக் கட்சி இல்லாத வேறு ஒருவர் அதை விசாரிக்க வேண்டும். அரசு ஆலையிலும் வேலையை நிறுத்தும் உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும். சீன அரசமைப்பில் 1975-ல் வேலைநிறுத்த உரிமை இருந்தது, 1982-ல் எடுத்துவிட்டார்கள். அப்புறம், வாக்கெடுப்பில் தோற்றவர் வேலையும் வீடும் மானமும் இழக்காமல் அடுத்த கூட்டத்துக்கு வர முடிய வேண்டும். தோற்றவருக்கு நாளை உண்டு என்றால்தான் இன்றைக்கு அவர் முடிவை ஏற்று வேலை செய்வார். ஜனநாயக மத்தியத்துவம், அதாவது முடிவுக்கு முன் எல்லோரும் விவாதிப்பது, முடிவுக்குப் பின் எல்லோரும் அதன்படி நடப்பது, என்று நாம் சொல்வதில் மத்தியத்துவம் நிற்பதே இந்த நம்பிக்கை மேல்தான்.

தோழர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். "சுற்றிலும் எதிரி. பொருளாதாரத் தடை, உளவுப்படை, படையெடுப்பு. இதற்கு நடுவே எல்லோரையும் பேசவிட்டுக்கொண்டிருந்தால் ஆட்சி நிற்குமா?" எதிரி கற்பனை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரஷ்யாவில் 1918 தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்சிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஜெர்மன் படை பெட்ரோகிராடை நோக்கி வந்துகொண்டிருந்தது. சமாதானம் செய்துகொள்வதா, போர் நடத்துவதா என்பதில் கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. சமாதானம் வேண்டும் என்ற லெனின் ஜனவரியில் தோற்றார். பிப்ரவரி 23 அன்று மத்தியக் குழுவில் ஏழு பேர் சமாதானத்துக்கு ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு, நாலு பேர் நடுநிலை. போர் வேண்டும் என்று நின்று தோற்ற அணியின் தலைவர் புகாரின் பொறுப்புகளிலிருந்து விலகினார். அவருடைய அணி மார்ச்சில் அந்த நகரத்திலேயே 'கம்யூனிஸ்ட்' என்று சொந்தமாக ஒரு நாளிதழ் தொடங்கி, லெனின் கையெழுத்திட வைத்த ஒப்பந்தத்தைத் திட்டி எழுதியது. யாரும் கைதாகவில்லை. சில மாதங்கள் கழித்து, நிலைமை தெளிந்த பிறகு, புகாரின் தான் சொன்னது தவறு என்று ஒத்துக்கொண்டு மறுபடியும் கட்சி நாளிதழான பிராவ்தாவின் ஆசிரியர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.